கேமரா பிள்ளைகள் கையில், கத்தரி யார் கையில்? சோனாகாச்சி ஆவணப்படம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபிலிம் ரோலைக் கழுவியதும் அதிலிருக்கும் 36 படங்களையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் அச்சிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு காண்டாக்ட் ஷீட் என்று பெயர். டிஜிட்டல் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 'பார்ன் இன்டு ப்ராதல்ஸ்' படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகள் இந்தத் தாளைச் சுற்றித்தான் நடக்கின்றன. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகள், தாங்கள் எடுத்த படங்களைத் தாங்களே குனிந்து பார்த்துப் பொறுக்குகிறார்கள். எது நன்றாக வந்திருக்கிறது, ஏன் நன்றாக வந்திருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நாளெல்லாம் பிறர் ஏவும் வேலையைச் செய்பவர்கள். தாங்களாகவே ஒன்றை 'வேண்டாம்' என்று தள்ள அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்தத் தாள்தான்.

முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கியது. இரண்டாம் தடவை தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தங்கள் புகைப்படங்களில் எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் இந்தப் பிள்ளைகள், தங்களைப் பற்றிய படத்தில் எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் ஒரு தடவைகூட இல்லை. விளிம்பில் இருப்பவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து, அதையே ஆவணப்படமாக ஆக்கும் முறைக்கு இந்தப் படம் உலக அளவில் மிகவும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அந்த முறையின் சிக்கலும் இதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

எப்படி ஆரம்பித்தது

படத்தை எடுத்த இருவரில் ஒருவரான ஸானா பிரிஸ்கி லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இறையியல் படித்துவிட்டு நியூயார்க்கில் புகைப்படம் கற்றுக்கொண்டவர். 1990களின் பின்பாதியில் சோனாகாச்சிக்கு வந்தபோது, அங்கிருக்கும் பெண்களைப் படமெடுப்பதுதான் அவர் திட்டம். வந்து போகிறவர்களுக்கு அந்த இடம் எதையும் காட்டாது. அதனால் அங்கேயே ஓர் அறை பிடித்துத் தங்கினார். பெண்கள் விலகி நிற்க, பிள்ளைகள்தான் முதலில் ஒட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அவர் 'ஸானா ஆன்ட்டி'. கேமராவைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். 2000இல் அவர்களுக்குச் சாதாரணக் கையடக்கக் கேமராக்களைக் கொடுத்து வாராவாரம் வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

பிறகு ராஸ் காஃப்மன் சேர்ந்துகொண்டார். இருவரும் சேர்ந்து வகுப்பை வீடியோவில் பதிவு செய்தார்கள். எட்டுப் பிள்ளைகள், 85 நிமிடப் படம். 2004இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது. 2005 பிப்ரவரியில் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர். அந்த வருடம் பரிந்துரையில் 'சூப்பர் சைஸ் மீ'யும் இருந்தது. ஒரு மாதம் மெக்டொனால்ட்ஸ் மட்டுமே தின்றவரைத் தோற்கடித்த படம் என்று சொன்னால் சிலருக்கு உடனே நினைவுக்கு வரும்.

படங்கள் என்ன செய்கின்றன

பங்கேற்புப் புகைப்படத்தை, அதாவது அந்த இடத்து மக்களே எடுக்கும் புகைப்படத்தை, வைத்து எடுக்கும் ஆவணப்படங்களில் பெரும்பாலும் ஒரு சலிப்பு உண்டு. பிள்ளைகளின் படங்கள் நடுநடுவே வரும். 'பார், இவர்களாலும் எடுக்க முடிகிறது' என்ற தோரணையில் இசையோடு நழுவிப் போகும். இந்தப் படம் அதிலிருந்து ஓரளவு தப்பித்திருக்கிறது. காரணம், படங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. இடுங்கிய மாடிப்படி, கொடியில் தொங்கும் துணி, மொட்டை மாடியில் தங்கை, பாத்திரம் கழுவும் கை. வெளியிலிருந்து வந்து சோனாகாச்சியைப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் வாசலில் நிற்கும் பெண்களையும் இரவு விளக்கையும்தான் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு வாசல் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கிறார்கள், அதுவும் இடுப்பு உயரத்திலிருந்து.

கடற்கரைப் பயணம் தனியாகச் சொல்ல வேண்டியது. பேருந்தில் பாட்டும் ஆட்டமுமாகப் போகிறார்கள். கடலைக் கண்டதும் ஓடுகிறார்கள். அங்கே ஒரு பையன் எடுத்த படத்தில் கேமராவுக்கு வெகு அருகே ஒரு பக்கெட், பின்னால் கடல். இப்படி ஒரு ஃபிரேமைப் பெரியவர்கள் யோசித்து வைத்தால் 'கலை' என்பார்கள். அவன் யோசித்தானோ, கை போன போக்கில் எடுத்தானோ, கண் அங்கேயே நிற்கிறது. விலங்குக் காட்சி சாலைக்கும் போகிறார்கள். கூண்டுக்குள் அடைபட்ட விலங்குகளைப் பார்த்து அவர்கள் சொல்வதைப் படம் ஓர் உவமையாக நம் முன் வைக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் விலங்கைப் பற்றிப் பேசினார்கள், எடிட்டிங்தான் அதை அவர்களைப் பற்றிய பேச்சாக மாற்றியது.

தெருவில் எடுப்பது வேறு கதை. சந்தில் கேமராவைத் தூக்கினால் ஆட்கள் திட்டுகிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பிள்ளைகளே படத்தில் இதைச் சொல்கிறார்கள். படத்தின் மிக நேர்மையான இடங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன், ஆனால் படம் இங்கே நிற்காமல் கடந்துபோகிறது. அந்தச் சந்தில் முகம் வெளியே தெரியாமல் இருப்பது பிழைப்போடு பிணைந்தது. ஊரில் 'கல்கத்தாவில் வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த பெண் அங்கே இருப்பாள். பிள்ளைக்குப் பள்ளியில் வேறு முகவரி கொடுத்த அம்மா இருப்பாள். அங்கே கேமராவைத் தூக்குகிறவன் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்பதால் அந்தப் பெண்ணின் சம்மதம் தேவையில்லை என்றாகிவிடுமா? பிள்ளைக்கு உரிமை கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே, பிள்ளை வழியாக இன்னொருவருடைய உரிமையைத் தாண்டிப் போகும் சங்கடம் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

நடுவில் மாறும் கதை

படத்தின் பின்பாதியில் புகைப்பட வகுப்பு மெல்லப் பின்னால் போகிறது. முன்னால் வருவது பிரிஸ்கியின் ஓட்டம். பிள்ளைகளை உறைவிடப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பள்ளிகள் தயங்குகின்றன. எச்ஐவி பரிசோதனை கேட்கிறார்கள், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ரத்தம் எடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், மிகத் திறமையான பையனுக்கு ஆம்ஸ்டர்டாமில் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் சிறுவர் நடுவர் குழுவில் இடம் கிடைக்கிறது. வருடம் 2002. அவனுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, கையெழுத்து, முத்திரை. இந்தியாவில் ஒரு அலுவலகத்தில் வரிசையில் நின்ற எவருக்கும் அந்தக் காட்சிகள் புரியும். அதே சமயத்தில் அவன் அம்மா கொல்லப்படுகிறாள். அவன் கேமராவை எடுக்காமல் விட்டுவிடுகிறான். கடைசியில் பாஸ்போர்ட் வருகிறது, அவன் போகிறான்.

இந்தப் பகுதி உருக்கமானது, சந்தேகமே இல்லை. ஆனால் படத்தின் இலக்கணமே இங்கே மாறிவிடுகிறது. முன்பாதியில் வினை பிள்ளைகளுடையது: பார்த்தார்கள், எடுத்தார்கள், பொறுக்கினார்கள். பின்பாதியில் வினை முழுக்க பிரிஸ்கியுடையது: அலைகிறார், கேட்கிறார், கெஞ்சுகிறார், சேர்க்கிறார். பின்னணிக் குரலும் அவருடையதே. பிள்ளைகள் செயப்படுபொருளாகிவிடுகிறார்கள்.

நியூயார்க்கில் சாதபீஸ் ஏல நிறுவனத்தில் பிள்ளைகளின் படங்கள் ஏலம் போகின்றன. கொல்கத்தாவில் ஆக்ஸ்ஃபோர்டு புத்தகக் கடையில் கண்காட்சி நடக்கிறது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தாங்கள் எடுத்த படங்கள் சுவரில் தொங்குவதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தில் வரும் மகிழ்ச்சியைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. பிரிஸ்கி தொடங்கிய 'கிட்ஸ் வித் கேமராஸ்' அமைப்பு பின்னர் ஹைதி, ஜெருசலேம், கெய்ரோ என்று பிற இடங்களிலும் வகுப்புகள் நடத்தியது.

அப்புறம் படம் முடியும்போது திரையில் வரும் எழுத்துகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. ஒரு சிறுமி பள்ளியில் தொடர்கிறாள். இன்னொருத்தியை அம்மா திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒருத்தி தானாகவே கிளம்பி வந்துவிட்டாள். ஒரு பையனை அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். இன்னொருத்தியை அவள் அத்தை விடவில்லை. இந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காப்பாற்ற வந்தவரும் தடுத்தவர்களும் என்று உலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தடுத்தவர்களிடம் 'ஏன்?' என்று யாரும் கேட்கவில்லை.

சட்டகத்துக்கு வெளியே நின்ற அம்மாக்கள்

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவழித்தது படத்தில் இல்லாத ஒன்றுக்காக.

1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தலைமையில் சோனாகாச்சியில் ஒரு பால்வினை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் வந்து பாடம் எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று உணர்ந்து, பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். போனபோது ஆணுறை மட்டும் பேச்சில் வரவில்லை. கந்துவட்டி, போலீஸ், தாதா, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் வந்தது. 1995இல் அவர்களே 'துர்பார் மகிளா சமன்வய கமிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். துர்பார் என்றால் தடுத்து நிறுத்த முடியாதது. அதே வருடம் உஷா என்ற கூட்டுறவுச் சங்கம். சங்க உறுப்பினர்களுக்கு நன்னடத்தை வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றபோது, சண்டை போட்டு அந்தத் தடையை விலக்க வைத்தார்கள். 1997இல் கொல்கத்தாவின் சால்ட் லேக் விளையாட்டரங்கில் பாலியல் தொழிலாளர்களின் தேசிய மாநாட்டை நடத்தினார்கள். 'உடம்பை உழைத்துச் சாப்பிடுகிறோம், தொழிலாளர் உரிமை வேண்டும்' என்பது அவர்களின் முழக்கம். வங்காளத்தில் எதுகையோடு ஒலிக்கும்.

இவை எல்லாம் பிரிஸ்கி வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே நடந்துவிட்டன. அதே சந்துகளில் நடந்தன. படத்தில் இதில் ஒரு துளியும் இல்லை.

படத்தில் வரும் அம்மாக்கள் பெரும்பாலும் கத்துகிறார்கள், ஏசுகிறார்கள், பிள்ளைகளை வேலை ஏவுகிறார்கள். அப்படி நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோனாகாச்சியைப் பற்றி அந்தப் படம் மட்டுமே பார்த்த ஒருவர், அங்கே பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் ஒரே பெரியவர் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி என்றே நினைப்பார். இந்தப் படத்தை விமர்சித்தவர்களின் கோபத்துக்குக் காரணம் இது.

சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, பாலியல் தொழிலில் வரும் வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் தண்டனைக்கு உரியவர். தரகர்களைப் பிடிப்பதற்காக எழுதிய பிரிவு. அம்மாவின் சம்பாத்தியத்தில் கல்லூரி படிக்கும் பத்தொன்பது வயது மகனையும் அது தொடும். பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதா, தூரத்துப் பள்ளிக்கு அனுப்புவதா, அனுப்பினால் திரும்பி வருமா, வந்தால் தன்னை அம்மா என்று சொல்லுமா என்று அந்த அம்மாவுக்குள் ஓடும் கணக்கில் இதெல்லாம் இருக்கும். அவள் கையில் ஒரு கேமரா இருந்திருந்தால் அந்தக் கணக்கில் கொஞ்சமாவது நமக்குத் தெரிந்திருக்கும். கேமரா பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்தது. பிள்ளைகள் அழகாக இருக்கிறார்கள், குற்றமற்றவர்களாகத் தெரிகிறார்கள், நிதி தருபவர்களின் மனதை எளிதில் தொடுகிறார்கள். அம்மாக்களை வைத்து அப்படி ஒரு படம் எடுப்பது கஷ்டம்.

படத்தில் பிள்ளைகளுக்கும் படக்குழுவுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருந்த பார்த்தா பானர்ஜி, ஆஸ்கர் முடிவுக்கு முன்னால் அகாடமிக்கு ஒரு கடிதம் எழுதினார். படத்தால் பிள்ளைகளின் வாழ்க்கை மேம்பட்டது என்ற கூற்றை மறுத்து, பலர் முன்பைவிட மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னார். படம் எடுத்தவர்கள் அதை ஏற்கவில்லை, படங்களை விற்ற பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது என்றார்கள். என் கணக்கில் இரண்டு பக்கமும் பாதிதான் பேசுகிறது. எட்டுப் பேரில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து ஒரு படத்தை எடை போடுவது, படம் தானே விரித்த வலையில் நாமும் விழுவதுதான். பள்ளியில் சேர்த்தோம் என்று படம் பெருமைப்பட்டது, அதனால் பள்ளியை விட்டு வந்தவர்களை எண்ணி விமர்சனம் பதிலடி கொடுத்தது. புகைப்படம் இரண்டு பக்கத்துக்கும் மறந்துபோனது.

வேறு விதமாகச் செய்தவர்கள்

1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கேரலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 62 கிராமத்துப் பெண்களுக்குக் கேமரா கொடுத்தார்கள். பின்னர் 'ஃபோட்டோவாய்ஸ்' என்று பெயர்பெற்ற முறை அங்கேதான் உருவானது. அதில் புகைப்படம் பாதி வேலை. மீதிப் பாதி, எடுத்தவர்கள் கூடி உட்கார்ந்து, தாங்களே படங்களைப் பொறுக்கி, இதில் என்ன நடக்கிறது, ஏன் இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று பேசுவது. பிறகு அந்தப் படங்களோடு அதிகாரிகளின் முன் போவது. வயலில் அம்மா வேலை செய்யும்போது கவனிக்க ஆளில்லாத குழந்தை அந்தப் படங்களில் வந்தது. குழந்தைகள் காப்பகம், பிரசவம் பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சி, சிறுமிகளின் படிப்புக்கு உதவித்தொகை ஆகியவற்றில் அதன் விளைவு தெரிந்தது. சோனாகாச்சி வகுப்பில் பேச்சு பெரும்பாலும் ஃபிரேம், ஒளி, கோணம் பற்றியது. அது தரக்குறைவு இல்லை. ஒரு பிள்ளையைக் கலைஞராக மதித்து ஒளியைப் பற்றிப் பேசுவதும் மரியாதைதான். ஆனால் 'ஏன் இப்படி இருக்கிறது' என்ற கேள்வி பிள்ளைகளிடம் போகாமல் பின்னணிக் குரலிடம் போய்விட்டது.

குவாத்தமாலா நகரின் குப்பைமேட்டில், ராய்ட்டர்ஸில் வேலை பார்த்த நான்சி மெக்கிர் 1991இல் ஆறு பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு இன்னொரு வழி. அங்கே படித்த பிள்ளைகள் வளர்ந்து அடுத்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்களானார்கள்.

எனக்கு மிக நெருக்கமானது வெண்டி இவால்டின் கதை. 1970களின் நடுவில் அமெரிக்காவில் கென்டக்கி மாநில நிலக்கரி மலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லிக் கொடுத்தவர். தங்களை, தங்கள் குடும்பத்தை, தங்கள் கனவுகளை எடுக்கச் சொன்னார். கனவை எப்படிப் படமெடுப்பது? பிள்ளைகள் எடுத்தார்கள். 1985இல் அது புத்தகமாக வந்தது. பல வருடம் கழித்து அந்த மாணவர்களில் ஒருவர் அவரைத் தேடித் தொடர்புகொண்டார். இவால்ட் திரும்பிப் போனார். அந்த மலைப்பகுதியைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் எலிசபெத் பாரெட்டோடு சேர்ந்து எடுத்த 'போர்ட்ரெய்ட்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்' 2020இல் வெளிவந்தது. அதில் நடுவயதைத் தாண்டிய முன்னாள் பிள்ளைகள், தாங்கள் பத்து வயதில் எடுத்த படத்தைப் பார்த்துத் தாங்களே பேசுகிறார்கள். அந்தப் படம் அவர்களுக்கு என்னவாக இருந்தது, அதற்குப் பின் வாழ்க்கை எங்கே போனது என்று சொல்பவர்கள் அவர்கள்தான். அங்கேயும் எடிட்டிங் மேசை இவர்களிடம் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் நாற்பது வருடம் காத்திருந்ததால், பேச வேண்டியவர்கள் பேசத் தெரிந்த வயதுக்கு வந்துவிட்டார்கள். சோனாகாச்சிப் படத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. நிதி, விழா, விருது என்று ஓடும் ஆவணப்படத் தொழிலில் அந்தப் பொறுமைக்கு யாரும் பணம் தருவதும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வழியில் நடப்பவர் எம். பழனிக்குமார். மதுரைப் பக்கம் மீன் விற்கும் அம்மாவின் மகன். 2013இல் கடன் வாங்கித் தன் முதல் கேமராவை வாங்கியவர். கையால் மலம் அள்ளும் தொழிலைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். அந்தப் படத்தில் யார் கையிலும் கேமரா கொடுக்கப்படவில்லை. ஆனால் அந்தப் படத்தில் வேலை செய்த பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் போன்றோருக்கு அதன்பின் புகைப்பட வகுப்பெடுத்து வருகிறார். நாகப்பட்டினம் கடற்கரையில் மீனவப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். பிரிஸ்கியின் வகுப்பில் விடுபட்ட ஆட்கள் இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலம் கூறும் பெண்களின் கையில் கேமரா. வாத்தியாருக்கு மீன் கூடையின் கனம் தெரியும், அதை மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை.

சோனாகாச்சியில் அந்த எட்டுப் பேரில் ஒருவன் பின்னாளில் அமெரிக்கா போய்த் திரைப்படம் படித்தான். சோனாகாச்சியிலேயே தங்கிவிட்ட வேறு பிள்ளைகள் பலரும் சேர்ந்து 'ஆம்ரா பதாதிக்' என்று தங்களுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். 'நாங்கள் காலாட்படை' என்று பொருள். அம்மாக்களின் அமைப்புக்குப் பக்கத்திலேயே அதுவும் இயங்குகிறது. அவர்களில் யாராவது எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து, பழைய வீடியோ டேப்புகளை முதலிலிருந்து ஓட்டி, அந்த அம்மாக்களில் ஒருத்தி பேச ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.